மேய்கிற வாய்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் தெய்வாத்தாள் தன் கொறங்காட்டுக்குப் போனபோது, ஆவாரம்பூத் தோரணம் வாடித் தொங்கிய படலுக்கு அப்பால் வரிக்குதிரைகள் வால் வீசி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், தலைக்கும் தோளுக்கும் கம்பளி போர்த்திக்கொண்டு இடுப்புக்கு ஒன்றும் உடுக்காமல் புறப்பட்டு வந்தவைபோல் அமெரிக்கப் புல்வெளிக் காட்டெருமைகள் புழுதியில் புரண்டுகொண்டிருந்தன. வெள்வேல மரங்களுக்கு மேலே, அம்மரங்களுக்கே கழுத்து முளைத்தாற்போல, ஒட்டகச்சிவிங்கிகள் முள்ளை ஒதுக்கி இலையை மட்டும் உருவித் தின்றன. வயிற்றுப் பையில் குட்டியும் முகத்தில் கவலையுமாகக் கங்காருகளும், ஆப்பிரிக்காவிலிருந்து தாடி வைத்த நூ மாடுகளும், மத்திய ஆசியாவிலிருந்து தும்பிக்கை ஆகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்ட மூக்கோடு சைகா மான்களும் கிளுவை வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிறைந்திருந்தன. தெய்வாத்தாள் அவற்றை ஒரு முறை பார்த்தாள். திறந்து கிடந்த படலைப் பார்த்தாள். மறுபடியும் அவற்றைப் பார்த்தாள். இத்தனை கடல் தாண்டி வரத் தெரிந்தவர்களுக்கு, வந்தபின் படலைச் சாத்தத் தெரியவில்லையே என்பதுதான் அவள் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம்.

நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவில், மழை வேறெங்கோ போகும் வழியில் சற்றே நின்றுவிட்டுப் போகும் மேட்டு நிலத்தில் இருக்கிறது கொன்னைவலசு. உழவுக்கு இசையாத அந்த மண்ணை முன்னோர் உழவில்லை. சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நடுவில் வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, கொழுக்கட்டைப் புல்லைத் தானாக முளைத்துத் தானாக விதைத்துக்கொள்ள விட்டு, அதைக் கொறங்காடு என்று அழைத்தார்கள். கொறங்காட்டில் மனிதனுக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: எந்த வாயை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே ஓட்டுவது என்று அறிந்திருப்பது. அந்த வேலையில் தெய்வாத்தாளை மிஞ்ச அவ்வூரில் ஆளில்லை என்பதை, அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்; அவளைப் பிடிக்காதவர்கள் ஊரில் கணிசமாகவே இருந்தார்கள்.

அவளுடைய மாமனார் கண் மூடுமுன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து ஒரு சொல் சொல்லியிருந்தார். அந்தக் காட்டுக்குள் மேய்கிற வாய் ஒன்று இருக்கும்வரை காட்டைக் கூறு போடவும் கூடாது, வேறு காரியத்துக்கு விடவும் கூடாது. வாய் ஒழிந்துபோனால் பிள்ளைகள் தம் விருப்பம்போல் செய்துகொள்ளலாம். அவர் போனார், பின்னால் தெய்வாத்தாளின் கணவரும் போனார், அடுத்தடுத்து வந்த வறட்சியில் மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின, கடைசியாக எஞ்சிய மயிலைப் பசுவும் மார்கழிப் பனியில் ஒரு நாள் படுத்தது, எழவில்லை. பசுவைப் புதைத்த ஈரம் காயுமுன்பே கொழுந்தனார் முத்துரத்தினம், சூரியத் தகடு பதிக்கும் நிறுவனத்தாரைக் கூட்டி வந்து காட்டைச் சுற்றிக் காட்டிவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நின்றுகொண்டே வாழ்நாளைக் கழிப்பதைப் பார்த்து ஓய்ந்துபோனவர். "வெயில் ஒண்ணுதான் நமக்கு வெளையுது, நங்கையா. அதையாச்சும் அறுவடை பண்ணிக்கலாமுங்க" என்று, அண்ணன் மனைவியை அழைக்கும் முறையோடும் மரியாதையோடும்தான் அவர் கேட்டார். தெய்வாத்தாளுக்கோ, அந்தப் புல்லைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடியை நட்டுவிட்டால், காலையில் எழுந்து எந்தப் படலைத் திறப்பது என்றே தெரியவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் எவரும் நியாயமாகக் கொள்ள மாட்டார்கள் என்பதனால் அவள் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாரும் பிடிவாதம் என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள்.

ஆகவே அவள் அந்த ஆண்டும் பட்டிப் பொங்கல் வைத்தாள். பட்டியில் மாடு இல்லை. அதனால் வழக்கம் மாற வேண்டுமா என்ன? பக்கத்து வீட்டு ராமாத்தாளிடம் சாணம் கேட்டு வாங்கி, மண்ணும் சாணமும் குழைத்துச் சின்னத் தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சூட்டி, மாடுகள் மிதித்துத் தாண்ட வேண்டிய அதை மாடு இல்லாத குறைக்குத் தானே தாண்டினாள். பார்த்துக்கொண்டிருந்த முத்துரத்தினம் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டைப் பார்த்த எரிச்சலில்தான், பட்டி பெருகட்டும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டியவள் நிறுத்தாமல், மேய்கிற வாய் எதுவானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி, வந்து சேருங்கள் என்று எட்டுத் திக்கும் கேட்க அழைத்துவிட்டு, வழக்கப்படி படலைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். மேய்கிற வாய் என்று வரையறுத்துச் சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று என்று பின்னாளில் அவள் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. வெறுமனே வாய் என்று சொல்லியிருந்தால் சிங்கமும் சிவிங்கிப்புலியும் அல்லவா வந்து நின்றிருக்கும்.

ஊர் வந்து பார்த்தது. வாய் பிளந்து நிற்பதைக் கொன்னைவலசு நாகரிகக் குறைவாகக் கருதும்; எனவே வந்தவர்களைப் பார்த்து முதலில் "வாங்க" என்றார்கள்; அடுத்து எந்த ஊர் என்று கேட்டார்கள்; பதில் வராமையால், களைப்பாக இருப்பார்கள், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கால்நடை மருத்துவர் வந்து பெயர்களைச் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகளும் வந்தார்கள், காட்டுக்குள் இருந்தால் இவை காட்டு விலங்கு, கொறங்காட்டுக்குள் இருப்பதனால் கால்நடை என்று ஒரு சாரார் சொல்ல, கறக்காததும் ஏர் பூட்டாததும் கால்நடையில் சேராது என்று மற்றொரு சாரார் சொல்ல, இரு சாராரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊர் உறவுமுறை வகுத்து முடித்திருந்தது. ஒட்டகச்சிவிங்கி உயரத்தினாலும் பேசாமையினாலும் பெரியப்பா ஆயிற்று. வரிக்குதிரைகளுக்கு, எப்போதும் விருந்துக்குப் புறப்பட்டாற்போல் உடுத்தியிருந்தமையால், மாப்பிள்ளை முறை கிடைத்தது. ஓரிடத்தில் நிற்காமல் காட்டைச் சுற்றிச் சுற்றி நடந்த நூ மாடுகளை வழி தவறியவர்கள் என்று எண்ணிய தேநீர்க்கடை சென்னியப்பன், நாள்தோறும் அவற்றின் முன்னால் நின்று தாராபுரம் பேருந்து எப்போது வரும் என்று பொறுமையாக விளக்கினார்.

சைகா மான்களின் மூக்கைப் பார்த்து மனம் கரைந்தவள் ராமாத்தாள். கடும் சளி என்று முடிவு கட்டி, நொச்சித் தழை போட்டுக் கொதிக்க வைத்த பானையைச் சும்மாட்டில் சுமந்து வந்து, ஒவ்வொன்றையும் பிடித்துப் போர்வைக்குள் நுழைத்து ஆவி பிடிக்க வைத்தாள். அந்த மூக்குப் பிறவியிலேயே அப்படித்தான், பனிக்காற்றைச் சூடாக்கவும் புழுதியை வடிகட்டவும் அமைந்தது என்று தெய்வாத்தாள் மருத்துவரிடம் கேட்டறிந்து வந்து சொன்னாள். "அதெப்படீங்க பிறவிலயே சளி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு ராமாத்தாள் அடுத்த மானைப் போர்வைக்குள் இழுத்தாள்.

ஊரார் இப்படி உறவு கொண்டாடிக்கொண்டிருக்க, தெய்வாத்தாள் வேலையில் இறங்கினாள். கொறங்காட்டில் மேய்ச்சலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கறவை, பின்னால் பால் வற்றிய மாடு, அதன் பின்னால் செம்மறி. நுனியைத் தின்கிற வாய் முன்னே போனால்தான் அடியைத் தின்கிற வாய்க்கு வழி கிடைக்கும். வந்தவர்களின் வாய்களை அவள் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். வரிக்குதிரை முரட்டுப் புல்தாளை வெட்டித் தின்றது. ஆகவே அதற்கு முதல் இடம். காட்டெருமை அகலமாக வாரியது. அதற்கு அடுத்த இடம். நூ மாடு இடைத் தழையைத் தேடியது, அது மூன்றாவது. கங்காரு கீழ்த் தளிரைக் கிள்ளியது, ராமாத்தாளின் போர்வைக்குள் இல்லாத நேரங்களில் சைகா மான் மண்ணோடு ஒட்டியதைச் சுரண்டியது, இவை கடைசி. ஒட்டகச்சிவிங்கிக்கு வரிசையே வேண்டியதில்லை. அதன் சாப்பாடு மாடியில். காடு தடுப்பு தடுப்பாக வேலியிட்டிருந்தமையால் ஒன்றில் மேய விட்டு மற்றொன்றை ஆற விடவும் முடிந்தது. வந்தவர்களும் முதல் சில நாள்கள் ஒழுங்காகவே நடந்துகொண்டார்கள். உலகத்துப் புல்வெளிகள் எல்லாம் பட்டிக்காட்டு வரிசைக்கு இவ்வளவு எளிதில் கட்டுப்படும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை; காட்டெருமை மட்டும் அவ்வப்போது முறை தவறி முன்னால் புகுந்தது; அவள் கோலை ஓங்கிய பிறகு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வெட்கத்தோடு பின்னால் போய் நின்றது.

வந்தவற்றுள் ஒன்றை மட்டும் எவரும் விசாரிக்கவில்லை. அது கானமயில், நெட்டைக் கால், நிமிர்ந்த கழுத்து, கழுத்துக்கு வெள்ளை, உச்சிக்குக் கறுப்பு. அது அயலூர் அல்ல, ஒரு காலத்தில் இந்த மேட்டு நிலத்துக்கே உரியது என்று வயதானவர்கள் அடையாளம் சொன்னார்கள். உள்ளூர்தானே என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவும் எதையும் கேட்காமல் புல்லிடுக்கில் வெட்டுக்கிளி பொறுக்கிக்கொண்டிருந்தது.

கெட்டது விருந்தோம்பலால் வந்தது. தை போய் மாசி வந்து, புல் காய்ந்து பொன்னிறமாக நின்ற காலத்தில், ஊராருக்கு மனம் பொறுக்கவில்லை. கொன்னைவலசில் வீடு தேடி வந்தவர் உண்ணாமல் போனதாகக் கேட்டதில்லை. இலையில் விழுந்ததை ஒரு வாயேனும் உண்ணாமல் எழுந்தால் அந்த வீட்டோடு உறவை அறுத்துக்கொண்டதாகப் பொருள். தீராத வரப்புச் சண்டையில் கிடந்தவர்கள்கூடப் பந்தியில் அமர்ந்து உண்டு முடித்த பிறகுதான் சண்டையைத் தொடர்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், கடல் தாண்டி வந்தவர்களுக்குக் காய்ந்த புல்லைப் போடுவதா? முதலில் ராமாத்தாள்தான் கங்காருவுக்கு இட்டலி கொண்டு வந்தாள்; பைக்குள் இருந்த குட்டிக்கும் சேர்த்து. பிறகு கம்மங்கூழ் வந்தது. பருத்திக்கொட்டைப் பால் வந்தது. வெல்லம் போட்ட ராகிக் களி வந்தது. பெரியப்பாவின் உயரத்துக்கு எட்டும்படி மொட்டை மாடிகளில் தட்டம் தட்டமாகப் பணியாரம் வந்தது. புல்லே இவர்களுக்குச் சோறு, அதையும் மீறிப் போட்டால் வயிறு ஊதிப்போகும் என்று தெய்வாத்தாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். போன இடமெல்லாம் அவளை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிடாமல் எழ முடியாது; சாப்பிட்டுவிட்டு அவர்களையே கடிந்துகொள்ளவும் நா எழாது. இப்படியாக அந்த மாசி மாதம் முழுவதும் தெய்வாத்தாள் வயிறு நிறைய உண்டு நெஞ்சு நிறைய எரிந்தாள்.

நாள் செல்லச் செல்ல விருந்தாளிகள் காட்டை மறந்தார்கள். காலையில் படலைத் திறந்ததும் வரிசை குலைந்து ஊருக்குள் ஓடினார்கள். வரிக்குதிரைகள் தேநீர்க்கடை முன் நின்று வடை ஆறும்வரை காத்திருந்தன. காட்டெருமைகள் பால் சங்கத்துத் திண்டில் சாய்ந்து படுத்தன. ஊர்ப் பெண்கள் அவற்றின் கொம்புகளில் துணி உலர்த்தினார்கள். நூ மாடுகள்கூட நடப்பதை நிறுத்திவிட்டன. இதை ஊர் தன் வெற்றியாகக் கொண்டாடியது. எத்தனை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தவர்கள், நம் ஊர்ச் சோற்றைத் தின்றுதான் ஓரிடத்தில் உட்கார்ந்தார்கள் என்று சென்னியப்பன் பெருமையடித்துக்கொண்டார். எல்லா வயிறுகளும் பறைபோல் உப்பின. மருத்துவர் மருந்து ஊற்றினார். மருந்து கசக்குமே என்று ஊரார் அதன் மேல் சர்க்கரை போட்டார்கள்.

பங்குனியில் ஒரு நாள் தெய்வாத்தாள் தெருவழியே வருகையில், கொழுந்தனார் வீட்டு வாசலில் காட்டெருமை ஒன்று பெரிய அண்டாவில் முகம் புதைத்திருப்பதையும், முத்துரத்தினம் அருகில் குந்தி உட்கார்ந்து அதற்கு விசிறிக்கொண்டிருப்பதையும் கண்டாள். தன் வீட்டு நாய்க்குக்கூட மிச்சம் வைக்காத மனிதர் அவர். அவள் நின்றாள். காட்டுக்குள் நெஞ்சளவு நிற்கும் தீண்டப்படாத புல் அவள் நினைவில் எழுந்தது. சித்திரை பிறக்கும் அன்று ஊர்ப் பெரியதனக்காரர் வெள்ளிங்கிரி, மேய்கிற வாய் உண்டா இல்லையா என்று காட்டைப் பார்வையிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக இருப்பதும் கூடவே நினைவில் எழுந்தது.

"அப்போ இது பாசமில்லீங்களா, தம்பி?" என்றாள்.

முத்துரத்தினம் விசிறுவதை நிறுத்தவில்லை. "பாசந்தானுங்க. பசிச்சவங்களுக்குப் போடறோம். வாயி தெருவுல இருந்தா அதுக்கு நான் என்னுங்க பண்றது? அய்யன் சொன்னது காட்டுக்குள்ள இருக்கற வாயி."

அவள் அன்று முதல் படலைக் கட்டி வைத்துப் பார்த்தாள்; கங்காருகள் வேலியைத் தாண்டின, ஒட்டகச்சிவிங்கிகள் வேலிக்கு மேலாகவே தலையை நீட்டிப் பணியாரம் வாங்கின, மற்றவற்றுக்கு ஊரார் படலுக்கு வெளியே அண்டாவை வைத்து உள்ளே அகப்பையை நீட்டினார்கள். பசித்தவர்களை அடைத்து வைத்துக் கொல்லுகிறாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவிழ்த்துவிட்டாள். எரிச்சலுக்கும் ஓர் எல்லை உண்டு என்றும், அந்த எல்லையைத் தாண்டினால் உள்ளம் விந்தையான அமைதி கொள்ளும் என்றும் தெய்வாத்தாள் அன்றுதான் அறிந்தாள். வீட்டுக்குப் போய் அரிவாளைத் தீட்டினாள்.

சித்திரை பிறந்தது. புத்தாண்டு என்பதனால் ஊரே விடியுமுன் அடுப்பு மூட்டி, விருந்தாளிகளுக்குப் பாயசமும் வடையும் ஊட்டித் தெருவெங்கும் படுக்க வைத்திருந்தது. பொழுது ஏறும் வேளையில் வெள்ளிங்கிரி, நான்கைந்து பெரியவர்கள் சூழ, கொறங்காட்டுக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர், ஒரு பல்லும் விழாதவர், கரும்பைக் கடித்துக் காட்டித் தம் வயதை அறிவிக்கும் வழக்கம் உடையவர், இரு பக்க வழக்கையும் முகம் மாறாமல் கேட்டு, சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பதனால் ஊர் அவருக்குக் கட்டுப்பட்டது. முத்துரத்தினம் படலைத் திறந்து எல்லாரையும் உள்ளே அழைத்துச் சென்று, கோடிவரை காட்டினார். காடு வெறிச்சோடிக் கிடந்தது. புல் மட்டும் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. தூரத்தில் கானமயில் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தது.

"அது ஒண்ணு இருக்குதே" என்றார் பெரியவர் ஒருவர்.

"அது மேயலீங்க, பொறுக்குது" என்றார் முத்துரத்தினம். அவர் நன்றாக ஆயத்தம் செய்திருந்தார்.

வெள்ளிங்கிரி தெய்வாத்தாள் பக்கம் திரும்பி, சொல்லுவதற்கு ஏதேனும் உண்டா என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமாக வந்திருக்கிறீர்கள், நியாயம் பேசுமுன் ஒரு வாய் சாப்பிடுங்கள், இங்கேயே மரத்தடியில் பந்தி போட்டிருக்கிறேன் என்றாள். மறுக்கும் வழக்கம் இல்லை. வெள்வேல நிழலில் விரித்திருந்த பாயில் வெள்ளிங்கிரி நடுவிலும் மற்றவர்கள் இரு பக்கமும், முத்துரத்தினம் கடைசியிலுமாக அமர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர் படலோரம் நின்றது. தெய்வாத்தாள் முறை ஒன்றும் தவறவில்லை. நுனி இடப்பக்கம் இருக்கும்படி வாழையிலை விரித்தாள்; நீர் தெளித்தாள்; ஓரத்தில் உப்பு வைத்தாள்; பொரியலுக்குரிய இடத்தில் காய்ந்த வெள்வேலங்காய்களை வைத்தாள்; பிறகு கூடையை இடுப்பில் ஏந்தி, பொன்னிறமாகக் காய்ந்து விரல் நீளத்துக்கு நறுக்கிய கொழுக்கட்டைப் புல்லை, சோற்றைப் போலவே குவித்து, கரண்டியால் நடுவில் குழியிட்டு, ஒவ்வோர் இலையிலும் பரிமாறினாள்.

பந்தி இலையைப் பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன நங்கையா இது, புல்லுங்க" என்றார் முத்துரத்தினம்.

"புல்லுதானுங்க தம்பி. உங்க அய்யன் காட்டுப் புல்லு. நீங்கெல்லாம் உங்க சோத்தை எடுத்து அவங்களுக்குப் போட்டீங்க. நான் நூறு தடவை வேண்டாமின்னேன், கேக்கலை. அவங்க சோறு இங்க மீந்து கெடக்குதுங்க. வீணாக்கறது எனக்குப் பழக்கமில்லை." அவள் இலைகளின் வரிசையை ஒரு முறை பார்வையிட்டாள். "சாப்பிடுங்க. வேண்டாமின்னா எந்திரிக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எடுத்துக்கறவங்க அங்க நிக்கறாங்க."

படலோரம் நின்ற ஊர் ஓரடி முன்னால் நகர்ந்தது. எழுந்தால் தெய்வாத்தாள் வீட்டு உறவு மட்டுமா போகும். இலையை உதறிய பெரியதனக்காரர் என்று தாராபுரம்வரை பேச்சுப் போகும். அடுத்த கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிரே எவர் இலை போடுவார்? வெள்ளிங்கிரி நெடுநேரம் இலையைப் பார்த்தார். பின்பு வலக்கையால் ஒரு பிடி எடுத்து, உப்பில் தொட்டு, வாயில் போட்டார்.

அவர் மென்றார். தாள் அவர் பற்களுக்கிடையே நொறுங்கிய ஓசை படல்வரை கேட்டது. எழுபது ஆண்டுகளாகக் கரும்புக்கும் முறுக்குக்கும் ஈடுகொடுத்த தாடை, இப்போது மேலும் கீழுமாக அசைவதை விட்டு, மெல்ல மெல்லப் பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது. கண்கள் பாதி மூடின. காது இரண்டும் தாமே சற்றுப் பின்னுக்கு மடங்கின. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. முகத்தில், வழக்குகளையும் வரப்புகளையும் இதுவரை கேட்டதே இல்லாத ஒருவரின் சாந்தம் படர்ந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒரு பிடி எடுத்தார்கள். முத்துரத்தினம் ஒரே ஒரு தாளை எடுத்து, அதை முறைத்துப் பார்த்து, கடைசியில் வாயில் வைத்துக் கடித்தார். மென்றுகொண்டே தலையைக் குனிந்துகொண்டார். பந்தி முழுவதும் பேச்சின்றி அரைக்கும் ஓசை எழுந்து, புல்லில் காற்றுப் போகும் ஓசையோடு ஒன்றாயிற்று.

தெய்வாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க, பெரியதனக்காரரே. என்ற மாமனார் சொன்னபடி, இந்தக் காட்டுக்குள்ள மேயற வாயி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

வெள்ளிங்கிரிக்கு உடனே பேச முடியவில்லை, வாய் நிறைந்திருந்தது. நிறைந்த வாயோடு அவர் காட்டைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அரைத்துக்கொண்டிருக்கும் முத்துரத்தினத்தைப் பார்த்தார். விழுங்கினார்.

"இருக்குதுங்க" என்றார்.

அவர் சொல்லை மாற்றுகிறவர் அல்லர். படலோரம் நின்றவர்களும் சாட்சி. ராமாத்தாள் மட்டும் நம்பிக்கை வராமல் உள்ளே வந்து, இலையோரம் சிந்திக் கிடந்த தாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சற்று மென்று, பொழுதெல்லாம் வெயிலில் நின்ற ஏதோ ஒன்றின் மெல்லிய இனிப்பு அதில் இருப்பதைக் கண்டு, தன் இட்டலியை நினைத்து முகம் சுருங்கினாள். தான் கண்டதை அவள் தெருவெல்லாம் சொல்லிவிட, அன்று மாலை கொன்னைவலசில் எவர் வாசலிலும் அண்டா வைக்கப்படவில்லை. வரிக்குதிரைகள் அடைத்துக் கிடந்த தேநீர்க்கடையைப் பார்த்து நின்று அலுத்துத் திரும்பின. காட்டெருமைகள் கொம்பில் உலர்ந்த சேலைகளோடு பால் சங்கத்திலிருந்து எழுந்தன. பெரியப்பா மொட்டை மாடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து ஏமாந்தார். ஒருவர் பின் ஒருவராக, மறந்துபோன வழியைக் கால்கள் நினைவு கூர, எல்லாரும் கொறங்காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வழக்கம்போல் ஒருவர்கூடப் படலைச் சாத்தவில்லை.

தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு போய்ச் சாத்தினாள். வரிசை எல்லாம் மறந்துபோயிருந்தது; காட்டெருமை முன்னால் புகுந்தது, சைகா மான்கள் குறுக்கே ஓடின, கங்காரு முதல் தடுப்பில் நின்று இட்டலியை எதிர்பார்த்தது. அவள் கோலை ஓங்கி ஒவ்வொருவரையும் அவரவர் இடத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது, முத்துரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அடுத்த தடுப்பின் படலைப் பிடித்து நின்றார். அதைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவள் அவரையும் கடிந்துகொண்டாள்.

அப்போதுதான் மரத்தடியில் பாய் இன்னும் விரித்தபடி கிடப்பது அவள் கண்ணில் பட்டது. மற்றவர்கள் எல்லாம் உண்டு, இலை மடித்து, கை கழுவிப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளிங்கிரி மட்டும் இலையை மடிக்கவில்லை. இலை துடைத்தாற்போல் இருந்தது. தாடை பக்கவாட்டில் அசைய, பாதிக் கண் மூடி, கானமயில் அருகே வந்து நிற்பதையும் பொருட்படுத்தாமல் அவர் அமர்ந்திருந்தார்.

"இன்னொரு கை போடுங்க, ஆத்தா" என்றார்.

தெய்வாத்தாள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். நறுக்கி வைத்தது தீர்ந்துவிட்டது. அதனால் என்ன என்பதுபோல் அவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சளவு புல்லை நோக்கி நடந்தார். அவள் பெருமூச்சு விட்டாள். அவர் வாயை, மற்ற வாய்களைப் பார்த்ததுபோலவே, தலை சாய்த்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கோலை நீட்டி அவரை மறித்து, முறை தவறி முன்னால் போக வேண்டாம் என்று சொல்லி, வரிக்குதிரைகளுக்குப் பின்னால், காட்டெருமைக்கு முன்னால் நிறுத்தினாள்.